உரிமையாளர் பாஸ்வேர்டு

எஃப்-டூவை அழுத்தியதும்
நீலத் திரை பாஸ்வேர்டு கேட்கிறது.
பதினோரு வருஷ லேப்டாப்.
பூட்டிய அண்ணன் ஈப்போவில்.
வளவில் ஓர் அறைக்காக
தேவகோட்டைக் கோர்ட்டில் நாங்கள்
வாதியும் பிரதிவாதியும்.

‘பயாஸ் பாஸ்வேர்டு வேணும்.’
நலம் கேட்காமல் அனுப்பினேன்.
இரண்டே நிமிஷம்:
நாங்கள் கிணற்றில் விட்ட ஆமையின் பெயர்,
பின்னால் நாலு பூஜ்யம்.
கீழே ஒரு வரி,
‘சார்ஜர் மாட்டிக்கிட்டுப் பண்ணு, உமையா.’

செக்யூர் பூட்டாம்;
இத்தனை நாள் திறந்தே கிடந்திருக்கிறது.
போட்டேன்.
ஃபர்ம்வேர் ஏறும்போது அணைக்காதே என்றது திரை.
அறுபத்திரண்டில் கரண்ட் போனது.
செத்துவிட்டதென்று நான் நினைத்த பேட்டரி
ஒன்பது நிமிஷம் தாக்குப்பிடித்தது.

எழுந்ததும் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது,
யாரும் யூகிக்க முடியாததாக.
ஆமையையே அடித்தேன்.
உறுதிப்படுத்த
இன்னொரு தடவை.