வயது பத்து – பதினொன்று

பன்னிரண்டாயிரம் பீஸ் ஆர்டர்.
நெஞ்சில் பிரிண்ட்: குட்டை முடி, பெரிய கண்,
வெள்ளைக் கவுன் போட்ட ஒரு ஜப்பான் சிறுமி.
முதல் சாம்பிள் காயும்போதே சம்பத்
போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான்.
கீழே ஒரு வார்த்தையும் இல்லை.
கட்டைவிரல் ஒன்றைப் போட்டேன்.
பிறகு அதை அழித்தேன்.

லைன் வீடுகள் ஒன்பது, குழாய் இரண்டு,
டிவி ஒன்று. அது நிசார் வீட்டில்.
சனிக்கிழமை, சம்பள வரிசையில்
அம்மாக்கள் நிற்கிற நேரம்
அந்தக் கார்ட்டூன் வரும்.
அஞ்சு பிள்ளைகள். காட்டுக்குள் ஒரு மரக்குடில்.
ஒருத்தி ஆற்றோடு போய்விடுவாள்.
போனவள் திரும்பி வந்து
ஒரே ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரிவாள்.

நாங்கள் நாலே பேர்.
எங்கள் குடில், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கிடையே
உடம்பை ஒருக்களித்து நுழைகிற ஒரு சந்து.
வெளியே வந்தால் இமையெல்லாம் பஞ்சு.
எங்கள் ஆறு நொய்யல்,
அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறம்.

டிவிப் பிள்ளைகள் பேசியது பாடப்புத்தகத் தமிழ்.
"நண்பர்களே, விரைந்து வாருங்கள்!"
கோகிலவாணிக்கு அது ஆகாது.
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு
திரையை ஒட்டி உட்கார்ந்து
அஞ்சு வாய்க்கும் அவளே பேசுவாள்:
"ஏனுங், வெரசா வாங்.
பொழுது போச்சு. எங்கம்மா வெய்யும்."
எங்களிடம் அவள் 'ங்' போட்டதே இல்லை.
அவர்களுக்கு மட்டும் போட்டாள்,
ஒறம்பரை என்பதால்.
அந்த ஜப்பான் மலைக்குப் பின்னால்
சென்னிமலை இருக்கும் என்றுதான் நம்பினேன்.

கடைசிப் பாகத்துக்கு முந்தின சனிக்கிழமை
நான்தான் சொன்னேன்:
"சித்த வாய மூடு புள்ள.
அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கோணும்."
மூடினாள்.
ரிமோட்டை எடுத்து அவளே சத்தத்தைக் கூட்டினாள்,
ஒவ்வொரு புள்ளியாக, இருபத்திரண்டு வரை.
தலை வலிக்கிறதென்று பாதியில் எழுந்து போனாள்.

செவ்வாய் காய்ச்சல்.
வியாழன் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி.
சனிக்கிழமை கடைசிப் பாகம் ஓடிய நேரம்
நிசார் வீட்டு டிவிமேல் துணி போர்த்தியிருந்தது.
கொசு என்றார்கள்.
அடுத்த மாதம் வந்து புகை அடித்தார்கள்.
புகைக்குள் ஓடி விளையாட
எங்கள் லைனில் எவருக்கும் கால் வரவில்லை.

நிசார் இப்போது மெஷின் மெக்கானிக்.
சம்பத்துக்குப் பட்டறையும் கடனும்.
எனக்கு செக்கிங் டேபிள்,
துணியைத் திருப்பித் திருப்பிக் குறை தேடுகிற வேலை.
சிக்னலில் பார்த்தால்
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலையசைப்போம்.
அவ்வளவுதான் நட்பு, பதினெட்டு வருசமாக.

நேற்று ராத்திரி எட்டு – ஒன்பது முடிந்து
பத்து – பதினொன்று வந்தது.
விரித்துப் பிடித்தேன்.
எனக்குத் தெரிந்த தோள்.
அந்தக் கட்டில் ஒரு பீஸ்:
கண் இருக்கிறது, முடி இருக்கிறது,
வாய் விழவில்லை.
வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துணி.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
ஒட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
சம்பத் பட்டறைக்குப் போனேன்.
நிசாரும் அங்கே இருந்தான்.
ஒருவரும் ஒருவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

மை வாடை, மூன்று பேர், ஒரு போன்.
தமிழில் எங்கும் கிடைக்கவில்லை,
ஜப்பான் பேச்சுத்தான்.
கடைசிப் பாகம். விடியற்காலை. மரத்தடியில் நின்று
அந்தச் சிறுமி நெடுநேரம் என்னவோ சொல்கிறாள்.
நிசார் சத்தத்தைக் குறைத்தான்.
முழுசாக.
இருவரும் என்னைப் பார்க்கவில்லை,
பார்க்காமல் இருப்பது தெரிந்தது.
திரையில் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
"ஏனுங்" என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வாளென்று
எனக்கெப்படித் தெரியும்?
அன்றைக்கே மூடச் சொன்னவள்தானே நான்.
"ஏனுங்… பொழுது போச்சுங்…"
சம்பத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு
"எங்கம்மா வெய்யும்" என்றான்,
அத்தனை மோசமான குரலில்.
மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
நிற்கவில்லை.
அதற்குள் அவள் மறைந்து, பெயர்கள் ஓடின.
எப்படி மறைந்தாள் என்பதை
நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பேக்கிங் முடிந்தது. ஒரு பீஸ் குறைவு.
எண்ணிக்கை எழுதினேன்,
காரணம் எழுதவில்லை.
மேனேஜர் கேட்பார்.
கேட்கட்டும்.