காலை ஆறு மணிக்கு ஒரு தீந்தோ

அந்தோஃபகாஸ்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
கதவைத் திறந்தால் கடல் மூடுபனிதான் முதல் போணி.
அன்று அதன் முதுகிலேயே வந்தார் எய்டெர்,
கொலம்பியாக்காரர், லாரி ஓட்டுகிறவர்,
தூங்காத கண்.
"ஒரு தீந்தோ" என்றார்.

எங்கள் சிலேயில் தீந்தோ என்றால் சிவப்பு ஒயின்.
விடியற்காலையில்! வண்டி ஓட்டுகிற ஆள்!
எனக்கென்ன, கேட்டதைக் கொடுக்கிறவள் நான்.
ததும்ப ஊற்றி வைத்தேன்.
கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
"சூடாக இருக்காதா?"
சுடவும் வைத்தேன், பாவி நான்,
ஆரஞ்சுத் துண்டு வேறு மிதக்கவிட்டேன்.

அவர் ஊரில் அது கறுப்புக் காப்பியாம்.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை,
துடைப்பமும் வாளியுமாய் அல்தகிராசியா ஓடி வந்தாள்,
தொமினிக்காக்காரி, வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள்.
"குவாகுவா போச்சு! என் கண் முன்னாலேயே போச்சு!"
குவாகுவா எங்களுக்குக் கைக்குழந்தை.
காவலாளி விசிலை வாயில் வைத்தான்.
ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.
"என்ன நிறம்?"
"பச்சை."
"பச்சைச் சட்டையா?"
"உடம்பு முழுக்கப் பச்சை. முதுகில் பற்பசை விளம்பரம்."
"எத்தனை மாதம்?"
"மாதமா? இருபது வருஷம் இருக்கும். ஏற்றத்தில் புகை கக்கும்."
"தனியாகவா போனது?"
"நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு!"
விசில் ஊதாமலே கீழே விழுந்தது.
அவள் தீவில் குவாகுவா என்றால் பஸ்.

பிறகு குளிர்காலம்.
ஷட்டர் பாதி இறங்கிய நேரத்தில் எய்டெர் நின்றார்,
தொப்பியைப் பிழிந்துகொண்டு.
"நோல்ஃபா, சொல்லப் பெனாவாக இருக்கிறது."
பெனா என்றால் இங்கே துக்கம்.
நாற்காலி இழுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன்,
"யார் போனது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.
"யாரும் போகவில்லை" என்றார்.
காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.
துக்கத்துக்கு எந்த ஊரிலும் காது சிவக்காதே.
அவர் ஊர்ப் பெனா கூச்சம் என்று
எனக்கு உறைக்க ஒரு பஸ் போகும் நேரம் ஆனது.
(குழந்தை அல்ல, பஸ்.)

"ஞாயிற்றுக்கிழமை கடலோரம் நடக்க வருவாயா?"

"அல் தீரோ" என்றேன்.
இதோ இப்போதே, என்கிறோம் நாங்கள் அதற்கு.
சொல்லைப் பிரித்தால் உள்ளே ஒரு துப்பாக்கிச் சூடு கிடக்கிறது.
அவர் பிரித்துவிட்டார்.
மேசைக்கடியில் குனிந்த ஆறடி மனிதரை
நிமிர்த்தி உட்காரவைக்க
ஒரு தீந்தோ தேவைப்பட்டது.
எந்தத் தீந்தோ என்று
அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.