துருவாணியின் கால்

வவுனியாவில் படம் விட்டு
மாங்குளம் சந்திக் கொத்துக்கடை வரும்வரை
பட்டாவின் பின்பெட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஓமந்தை தாண்டி, புளியங்குளம் தாண்டி,
கனகராயன்குளத்து இருட்டில் யானை நிற்குதென்று
சாரதி வேகத்தைக் குறைத்தபோதும்
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொத்துத்தகடு கல்லில் விழத் தொடங்கிய பிறகுதான்
டனுசியன் சொன்னான்:
"பேய்க்காட்டிப்போட்டாங்கள்."

பிறகு அடைமழை.
வெளிச்சனுக்கு நீல மேலங்கியாம், புத்தகத்தில் சாம்பல்.
வெளிச்சன் பகிடி விடுகிறான், அவனுக்குப் பகிடியே தெரியாது.
"வெளிச்சனை விடு, அவன் எப்பவும் சப்பைதான்.
துருவாணியை என்ன செய்துவைச்சிருக்கிறாங்கள், பாத்தியா?"
யாழ்மொழி முள்ளுக்கரண்டியை
என் நெஞ்சுக்கு நேரே நீட்டிக் கேட்டாள்,
நான்தான் இயக்குநர் என்பதுபோல.

துருவாணி.
அந்தப் பெயர் நாங்கள் வைத்தது.
ஏழாம் வகுப்பில், நிருஜனின் மாமா
சுவிஸிலிருந்து அனுப்பிய பெட்டியில்
சொக்லேட்டுக்கும் பழைய ஜக்கெட்டுக்கும் அடியில்
ஒரு தடித்த படப்புத்தகம்.
ஜேர்மன். ஒரு சொல் விளங்காது.
ஆகவே குமிழ்களுக்குள் பேச்சை நாங்களே எழுதினோம்,
பென்சிலால்,
அடிபட்டு, அழித்து, தாள் கிழிய மறுபடி எழுதி.
கடைசிப் பன்னிரண்டு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.
வில்லன் செத்தானா, தப்பினானா,
பத்து வருசமாய் எங்களுக்குத் தெரியாது.
அதைப் பார்க்கத்தான் இண்டைக்குப் போனது.

படத்தில் அவன் வெறும் புகை.
வானம் நிறைய ஒரு சிரிப்பு.
கட்டடங்கள் விழுகின்றன, ஒரு செருப்பும் தெருவில் கிடக்கவில்லை.
பிறகு வெடித்துப் போகிறான்.
அவ்வளவுதான் முடிவு.

சுபாங்கன் அதுவரை பேசவில்லை.
பெட்டிக்குள் மடங்கியிருந்த வெக்கை தாங்காமல்
காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவைத்துவிட்டு
ஈரலை ஒதுக்கி ஒதுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"கோபுரத்திலயிருந்து அந்த இரும்புக் காலால குதிக்கிறான்.
ஒரு 'ஆ' கூட இல்லை.
நாப்பத்தொராம் பக்கம் ஞாபகமிருக்கோ?"

இருந்தது.
கட்டில் விளிம்பில் இருந்து துருவாணி காலைக் கழற்றுவான்.
பவுடர் போடுவான்.
யன்னலைப் பார்ப்பான்.
மூன்று கட்டம், குமிழே இல்லை.
நாங்கள் சண்டை பிடிக்காத ஒரே பக்கம் அது.

"கால் போனதால விசர் பிடிச்சு ஊரை அழிக்கிறானாம்.
கால் போனா விசர் பிடிக்குமோ?
எனக்குப் பிடிச்சதெல்லாம் உங்கடை கதை கேட்டு."

சிரித்தோம். கொஞ்சம் பிந்தி.

பிறகு அவரவர் முடிவுகளைத் திரும்பக் கொட்டினோம்.
டனுசியனுக்கு வெளிச்சன் வெல்லவேணும்.
நிருஜனுக்கு இருவரும் கடலில் மூழ்கவேணும்.
யாழ்மொழியின் முடிவில் துருவாணி மேயராகிறான்,
எனது முடிவைச் சொல்ல வெட்கம், அதில் காதல் இருந்தது.

"நீ என்ன எழுதினனி? அண்டைக்குக் காட்டேல்லை."

சுபாங்கன் தேத்தண்ணியை ஊதினான்.
"என்ரையில அவன் வளருவான்.
வளர, கால் கட்டையாப் போகும்.
புதுசு எடுக்கவேணும். கிளினிக்கில நம்பர் நாப்பத்தேழு.
விடிய வெள்ளன ஊரை அழிக்கிறதெண்டு திட்டம்,
ஆனா டொக்டர் வரப் பதினொண்டாகும்."

"பிறகு?"

"பிறகென்ன, பசிக்கும். பணிஸ் வாங்குவான்."

வெளியே பட்டா ஹோன் அடித்தது.
இரண்டாம் பாகம் மார்கழியில் வருமாம்,
அந்தப் புகையை மறுபடி எழுப்புவார்களாம்.
போவதா என்று ஒருவரும் கேட்கவில்லை,
ஆளுக்கு எவ்வளவு வரும் என்றுதான் கணக்குப் பார்த்தோம்.
கொத்துக்காசில் நூற்றைம்பது குறைந்தது.
டனுசியன் போட்டான், முணுமுணுத்தபடி,
எங்களுக்குள் வெளிச்சன் கட்சிக்கு
மிஞ்சியிருக்கிற ஒரே ஆள்.