இரண்டாம் வட்டு

நூற்றுப் பத்தொன்பது வெள்ளி,
அஞ்சல் செலவு தனி.
இருபத்தைந்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு என்று
தங்க எழுத்தில் மினுங்கும் தகரப் பெட்டி
பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து சேர
ஒன்பது நாள் பிடித்தது.
முகவரியில் பழைய பெயரைத்தான் எழுதியிருந்தேன்:
பத்தாங் பெர்ஜுந்தை.
ஊரையே மறுவெளியீடு செய்துவிட்டார்கள்.
உள்ளே அதே செம்பனை, அதே லாரி, அதே செம்மண் தூசி.

பெட்டிக்குள்
இரண்டு வட்டு, ஒரு சுவரொட்டி,
கதாநாயகியின் பள்ளிப் பேட்ஜுக்கு ஒரு நகல்,
யாரும் படிக்கப்போகாத நாற்பது பக்கம்.
குணசீலன் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டான்.
வயது நாற்பத்திரண்டு. குலை லாரி ஓட்டுகிறான்.
'சிரிக்காதடா' என்றான், நான் சிரிப்பதற்குள்.

தூசு தட்டி எடுத்த பிளேயர்
இரண்டு முறை வட்டைத் துப்பியது.
மூன்றாம் முறை விழுங்கியது.

நாங்கள் பார்த்த படம் இது இல்லை.

நாங்கள் பார்த்தது
ஆ லெக் கடையில் ஐந்து வெள்ளி விசிடி.
எங்கோ ஒரு கொட்டகையில் எவனோ
மடியில் கேமராவை ஒளித்துப் பிடித்தது.
படம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்;
நாங்களும் தலையைச் சாய்த்தே பார்ப்போம்.
முப்பதாவது நிமிடத்தில் ஒருவன் எழுந்து
கழிப்பறைக்குப் போவான்,
முத்தக் காட்சியை முழுதாக மறைத்தபடி.
அவனுக்கு மண்டோர் என்று பெயர் வைத்திருந்தோம்.
நல்ல நேரத்தில் குறுக்கே வருகிறவன்
வேறு யார்?

அப்புறம் அந்தச் சிரிப்பு.
கேமராவுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண்
ஒவ்வொரு வேடிக்கைக்கும் அரை நொடி முன்னாலேயே
சிரித்துவிடுவாள்.
எந்த நாட்டுக்காரியோ, அது எத்தனையாவது முறையோ.
எங்களுக்கு ஆங்கிலம் பாதிதான் எட்டும்.
கீழே ஓடும் மலாய் வரிகள்
வேறு படத்துக்கு எழுதியவை போலிருக்கும்.
அவள் சிரித்த இடத்தில் சிரித்தோம்.
எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்தைய வாரம்,
பரிமளா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர்,
மழை தகரத்தை அடித்த அடியிலும்
அவள் சிரிப்பு கேட்டது.

இப்போது
சட்டகம் சட்டகமாகக் கழுவித் துடைத்திருக்கிறார்கள்.
விருந்தில் அவள் போட்டிருந்த உடை நீலமாம்;
இத்தனை வருடமும் கறுப்பென்று நினைத்திருந்தோம்.
மண்டோர் இல்லாத முத்தம்
நான்கு நொடி. மூக்கில் மூக்கு இடித்தது, அவ்வளவுதான்.
நீச்சல்குளத்தில் விழும் காட்சி வந்தது.
குணா வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
தண்ணீர் மட்டும் மிகத் துல்லியமாக,
ஐந்து ஒலிபெருக்கிகளுக்கான தெறிப்பாக,
எங்கள் ஒரே ஒலிபெருக்கியில் தெறித்தது.

நீக்கிய காட்சிகள் ஆறு.
ஆறையும் பார்த்த பிறகு
நீக்கியவர் கெட்டிக்காரர் என்று தோன்றியது.

பரிமளா ஜோகூரிலிருந்து கேட்டாள், 'எப்படி?'
'நல்லா இருக்கு' என்று எழுதி, அழித்து,
'சுத்தமா இருக்கு' என்று அனுப்பினேன்.

பத்தரைக்குச் செருப்பை மாட்டிய குணா
இரண்டாம் வட்டையும் போடச் சொன்னான்,
காசு கொடுத்தாச்சே என்று.
படம் அதேதான். அதன்மேல்
நடித்தவர்கள் நால்வர், குரல் தடித்துப்போனவர்கள்,
ஓர் அறையில் உட்கார்ந்து
பேசிக்கொண்டே பார்க்கிறார்கள்.
ஒருவர் இருமுகிறார். எவரோ எதையோ கொறிக்கிறார்.
'அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்' என்கிறாள் அவள்.
வசனம் அடியில் அமுங்கிக் கிடக்கிறது.
குளம் வருவதற்கு அரை நொடி முன்னால்
என்ன வரப்போகிறதென்று தெரிந்து
ஒருத்தி சிரித்துவிட்டாள்.

குணசீலன் செருப்போடு உட்கார்ந்தான்.
தலை, தானாக, இடப்பக்கம் சாய்ந்தது.

மறுநாள் காலை
ஆலை வாசலில் எடைக்கு நின்ற லாரி வரிசையில்
ஒரு சட்டையில் மட்டும்
எந்த ஊரிலும் இல்லாத பள்ளியின் பேட்ஜ்.
இன்னும் திருப்பித் தரவில்லை.