முந்நூற்றுப் பதினெட்டாவது சுற்று

ஐம்பத்தோராவது பிறந்தநாளுக்கு
ராய்லி தனக்குத்தானே வாங்கிக்கொண்டது
ஓர் அளவு பெரிய காலணி.
ஓட ஓடக் கால் வீங்குமாம், அதற்கு இடம் வேண்டுமாம்.
எவ்வளவு நேரம் ஓடினால் வீங்கும் என்று கேட்டேன்.
ஒரு நாள் என்றாள்,
பால் வாங்கிவரக் கடைக்குக் கிளம்புகிற குரலில்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.
குளியலறை விளிம்பில் எப்போதாவது ஒரு கால்நகம் கிடக்கும்,
கறுத்து, சூரியகாந்தி விதை மாதிரி.
மர ஆலையில் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு
ராத்திரி பனியில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போவாள்.
ஜன்னலில் நின்று பார்ப்பேன்.
ஏரிக்கரை நெடுக ஒரு சின்ன வெளிச்சம்
குதித்துக் குதித்துத் தொலையும்.
கோபம் இருந்தது.
யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் கடைசியில் ஈசல்மி மைதானம்.
நானூறு மீட்டர் தடம், நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை.
எங்கும் போய்ச் சேராமல் ஓட
முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.
எனக்கு ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி,
அவள் கையெழுத்தில் ஒரு தாள்:
மணிக்கு இரண்டு உருளைக்கிழங்கு, உப்பு தொட்டு.
புளூபெர்ரி சூப் அரைக் கோப்பை, வெதுவெதுப்பாக.
நிறுத்துகிறேன் என்றால் நம்பாதே.
அழுதால் பேசாதே.
அடிக்கோடிட்ட கடைசி வரி:
வெய்யோ, நீயும் சாப்பிடு.

உப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது நான்.
உப்பும் என்னிடம்தான் இருந்தது.

இருபத்தாறு வருஷமாக ஏழாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
ரயில் நிலையம், மருத்துவமனை, கல்லறைத் தோட்டம்,
மறுபடி ரயில் நிலையம்.
சுற்றுவது எனக்குப் புதிதில்லை.
நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருப்பதுதான் புதிது.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை என் மனைவி வருகிறாள்,
வந்த வேகத்தில் போகிறாள்.
கல்யாணமான புதிதில்கூட
ஒரே நாளில் இத்தனை தடவை அவளைப் பார்த்ததில்லை.

பக்கத்து மேசை கௌகோ, தம்பிக்காக வந்தவர்,
பிளாஸ்டர் தீர்ந்து என்னிடம் கடன் வாங்கினார்.
பதிலுக்குக் காபி, கொசுவிரட்டி,
தன் விவாகரத்துக் கதையில் பாதி.

பதினொன்றரைக்குச் சூரியன்
மறைந்ததுபோல் பாவனை செய்தது.
வானம் நீர்மோர் நிறத்தில் அப்படியே நின்றது.
இரண்டு மணிக்கு அவள்
மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"வெய்யோ, இதெல்லாம் எதுக்கு?"
ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஐந்து என்னிடம் இருந்தன.
"செவ்வாய்க்கிழமை வாஷிங் மெஷின் பார்க்க ஆள் வருகிறான்"
என்றேன்.
வெறித்துப் பார்த்தாள்.
"ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதே" என்று சொல்லி
உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் தூங்கவேயில்லை என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.
கண் திறந்தபோது மணி ஐந்து.
என் மேல் அவளுடைய மஞ்சள் ஜாக்கெட்,
கழுத்துவரை இழுத்துவிட்டு
ஓரங்கள் இரண்டும் முதுகுக்கு அடியில் செருகி.
எதிர்க்கோடியில் அவள்
மெல்லிய பனியனில், கைகளை மார்போடு ஒடுக்கி
ஓடிக்கொண்டிருந்தாள்.
தட்டில் உருளைக்கிழங்கு இரண்டு குறைந்திருந்தது.

நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர். பெண்களில் நான்காவது.
காரில் ஏற அவள் கால்களை
நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தேன்,
முட்டைத் தட்டை வைப்பதுபோல.

அடுத்த வாரம் நேரப்பட்டியல் வந்தது.
மூன்று இருபது, மூன்று இருபத்திரண்டு, மூன்று இருபத்தைந்து.
நாலு பதினேழு மணிக்கு, முந்நூற்றுப் பதினெட்டாவது சுற்று,
ஐந்து நிமிடம் நாற்பது விநாடி.
விரல் வைத்துக் காட்டினேன். "இங்கே என்ன ஆச்சு?"
அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற கண்ணால்
ஒருமுறை பார்த்தாள்.
"கழிப்பறை" என்றாள்.

தலையாட்டிவைத்தேன்.
பின்னால் வாஷிங் மெஷினில்
அந்த மஞ்சள் ஜாக்கெட் சுற்றிக்கொண்டிருந்தது.
இப்போது ஒழுகுவதில்லை.
ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன்.