இரண்டாம் பத்தி, நான்காம் வரி

முன்னுரையைத் தாண்டிப் போகலாம் என்றேன்.
முனிரத்தினம் தாண்டவில்லை.
"மேடம், யார் இந்தக் கனவான்?
'இவை இவளுடைய சொற்களே, நான் உறுதியளிக்கிறேன்'
என்கிறாரே?"
நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய கனவான்.
அவர் கையெழுத்து இல்லாமல்
ஓர் அடிமைப் பெண் பிறந்ததையே
அச்சகம் நம்பாது என்றேன்.
"ஓ, தாசில்தார்."
வகுப்பு சிரித்தது.
சாதிச் சான்றிதழுக்காக ஹொசகோட்டைக்கு
நான்கு முறை அலைந்தவன்
சிரிக்கவில்லை.

அல்சூரில், மெட்ரோ பாலத்தை ஒட்டிய
இரண்டாம் மாடி.
ஏழு நிமிடத்துக்கொரு ரயில்
எங்கள் வாக்கியங்களை நடுவில் வெட்டிக்கொண்டு போகும்.
வெட்டிய இடத்திலிருந்து தொடங்கப் பழகிவிட்டோம்.

விதி ஒன்றுதான்:
முதல் அரைமணி யாரும் இரக்கப்படக் கூடாது.
பென்சிலைச் சீவுங்கள்.
'பாவம்' என்ற சொல்லைப் பைக்குள் வையுங்கள்.
வினைச்சொற்களைத் தேடுங்கள்.

'விற்கப்பட்டேன்.' பக்கம் பதினொன்று.
விற்றவன் எங்கே? வாக்கியத்தில் ஆளில்லை.
"பணத்தை எண்ணப் போயிருப்பான்" என்றாள் ரஹ்மத்நிஷா.
ஜெபசீலிதான் மெதுவாகப் பிரித்தாள்,
மீனில் முள்ளெடுப்பதுபோல:
விற்க. பட்டேன்.
"இதுவும் அதே 'படு'தானே மேடம்?
அடி பட்டேன், கஷ்டப் பட்டேன்,
விற்கப் பட்டேன்."
செயப்பாட்டு வினை என்று
பதினோரு வருடமாகப் பலகையில் எழுதுகிறவள் நான்.
சாக்பீஸ் கையிலேயே இருந்தது.

அடுத்த பக்கத்தில் எசமானின் சொத்துப் பட்டியல்:
'ஒரு கறவைப் பசுவும் இரண்டு செப்புப் பானைகளும்
கால் உடைந்த மேசையும் நானும்.'
அவன் இப்படியா எழுதியிருப்பான்?
பெண், ஒன்று, வயது ஒன்பது
என்றல்லவா எழுதியிருப்பான்?
பத்து நிமிடம்
ஓர் 'உம்'மைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.
ஒரு ரயில் போனது. இன்னொன்றும்.
"பட்டியலைத் திருடிட்டாங்க" என்றான்
கடைசி பெஞ்சிலிருந்து சகாயம்,
அதுவரை தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன்.
"திருடி, கீழ தன் கையெழுத்தப் போட்டுட்டாங்க."

பிறகு அந்த வரி.
இரண்டாம் பத்தி, நான்காம் வரி.
'ஏழு வருடம் அங்கே இருந்தேன். பிறகு மழை வந்தது.'
பசு செத்ததற்கு
இரண்டு பக்கம் கொடுத்தவள்.
அந்த முற்றுப்புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
அதைக் கேட்பதற்காகவே வந்திருந்தேன்.
பையில் படங்கள் தயாராக இருந்தன:
முதுகுகள், கால் விலங்கு,
கப்பலின் குறுக்குவெட்டு.

முனிரத்தினம் பலகையைப் பார்த்துச் சொன்னான்,
என்னை அல்ல:
"எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லும்.
சூளையில மூணு வருசம் இருந்தோம்.
அப்புறம் அட்வான்ஸ் கழிஞ்சுது.
நடுவுல எதுவும் கிடையாது.
கேட்டா
இன்னும் கொஞ்சம் சோறு வைக்கும்."

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.
நல்ல பிள்ளைகள்.
ரஹ்மத்நிஷா ரப்பரை எடுத்து
அந்த வரிக்கு அடியில் போட்டிருந்த கோட்டை அழித்தாள்,
தாள் கசங்காமல்.
நான் படங்களை வெளியே எடுக்கவில்லை.
அது சரிதானா என்று இன்றுவரை தெரியாது.
பார்த்தே ஆகவேண்டியவர்களும்
அந்த அறையில் இருந்திருப்பார்கள்.

கைடில் கேள்வி இருக்கிறது:
'ஆசிரியை பட்ட துன்பங்களைத் தொகுத்து எழுதுக.
பத்து மதிப்பெண்.'
ஆறு உட்தலைப்புகளோடு விடையும் இருக்கிறது.
தேர்வுக்கு அதையே படியுங்கள் என்றுதான் சொன்னேன்.
அவர்கள் பாஸாக வேண்டும்.
கௌரவ விரிவுரையாளர்,
எனக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

மறுநாளும் எண்ணைச் சொல்லித்தான்
வருகை எடுத்தேன்.
ஐம்பத்திரண்டு பெயர்களுக்கு நேரமில்லை.
"பதினேழு."
வழக்கமாக 'யெஸ் மேடம்' என்பான்.
அன்று
ரயில் முழுவதும் கடந்து போகக் காத்திருந்து
"இருக்கேன்" என்றான்.