ஐந்து மிச்சம்

சம்மாந்துறை நெல் ஆலையில்
மின் பில்லைப் பிடித்தபடி மீராலெவ்வை ஹாஜியார்.
மோட்டர் அதேதான். நெல்லும் கூடவில்லை.
அம்பியர்மானியில் மட்டும் எழுபத்தைந்து.

உமி ஒட்டிய சாக்கின் முதுகில்
சோக்கால் எழுதினேன்:
அறுபது கழித்தல் j நாற்பத்தைந்து.

"அறுபது மெய். அது நெல்லுக் குத்துது.
மத்தது கற்பனை."

"கற்பனைக்கு எதுக்கு புள்ள
மெய்க் காசு?"

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே
சோதனையில் சித்தியடைந்தவள் நான்.
j என்றால் ஒரு கால் திருப்பம்,
இரண்டு தரம் திரும்பினால் முகம் பின்பக்கம்,
அதுதான் மைனஸ் ஒன்று
என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
முற்றத்தில் ஒரு லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

"வெறும் லொறி ஹாஜியார்.
மூட்டை ஏத்தாம அம்பாறைக்குப் போகுது, வருது,
செக்கனுக்கு நூறு தரம்.
றோட்டுத் தேயுதுதானே?"

கொள்ளளவிப் பெட்டியை இணைத்து
சுவிட்சைப் போட்டேன்.
கூட்டல் j நாற்பது.
முள் இறங்கி
அறுபதுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.
மோட்டருக்கு ஒன்றும் தெரியாது, அதே இரைச்சல்.
லொறி இனி வளவுக்குள்ளேயே சுற்றும்,
பெட்டிக்கும் சுருளுக்கும் இடையில்.

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்த்தார்.
விரலால் கழித்துப் பார்த்தார்.
"அஞ்சு மிச்சம் கிடக்கே?"

கிடக்கட்டும்.
நெல் இல்லாமல் மோட்டர் சும்மா சுற்றும் நேரத்தில்
அந்த ஐந்தும் இல்லையென்றால்
ஓட்டம் அழுத்தத்தை முந்திவிடும்.

அவர் தலையாட்டினார்,
விளங்கியவர் போல அல்ல,
கடன் பாக்கியை
வேறு கொப்பிக்கு மாற்றுபவர் போல.